நாற்காலி காலி

வியாழன் மாலை நாலு மணிக்குள் தந்தால்
ஞாயிற்றுக்கிழமைத் தாளில் வந்துவிடும்.
டொலீடோவில் ஞாயிற்றுத் தாளை இப்போது
தள்ளுபடிச் சீட்டு கத்தரிக்கத்தான் வாங்குகிறார்கள்.
வக்கீல் அலுவலகத்துக்கும் இது தெரியும்.

வரி விளம்பர மேசையில் லொரெட்டா.
பத்தொன்பது வருடமாக எழுத்தெண்ணிக் காசு வாங்குகிறவள்.
தொலைபேசிக் குரல் சொல்லச் சொல்ல அடிக்கிறாள்:
கண்ணாடி உலைக் கட்டுப்பாட்டுப் பொறியாளர் தேவை.
முதுநிலைப் பட்டம். ஐந்தாண்டு அனுபவம்.
மூன்று மென்பொருள்கள்;
ஒன்றின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது.
தபாலில் மட்டும் விண்ணப்பிக்கவும்.

கட்டம் போடவா?
வேண்டாம்.
தடித்த எழுத்து?
வேண்டவே வேண்டாம்.

கிணற்றுக்குள் இறங்கித் தண்டோரா போட
இங்கே சட்டம் இருக்கிறது,
லொரெட்டாவிடம் விலைப்பட்டியல் இருக்கிறது.
இரண்டு ஞாயிறு. கடன் அட்டை எண் சொல்லுங்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், மூன்றாவது மாடியில்,
மைக்ரோவேவுக்கு மேலே அதே வாசகம் ஒட்டியிருக்கிறது.
பத்து வேலைநாள் கிழிக்கக் கூடாது.
ஜெவ்தெத் பருப்பு சூப் சூடாகும் ஒன்றரை நிமிடமும்
தன் சம்பளத்தைப் படிக்கிறான்.
அவனுக்குப் பின்னால் நிற்பவர்களும் படிக்கிறார்கள்.
படித்துவிட்டுப் போய் உட்கார்கிறான்
காலி என்று எழுதிய அதே நாற்காலியில்.

வீட்டில் மடக்கு நாற்காலிகள்தான், நாலு வருடமாக.
சோபா வாங்கலாமா என்று நிலுஃபர் கேட்பாள்.
காகிதம் நகரட்டும் என்பான்.

மென்பொருளின் அந்தப் பெயரை
எங்கோ கேட்டிருக்கிறோமே என்று
வண்டி ஓட்டும்போதுதான் லொரெட்டாவுக்கு உறைத்தது.
அண்ணன் வெண்டெல் சாப்பாட்டு மேசையில்
வசைச்சொல் போல அதைத் துப்புவான்.
பதினோரு வருடம் அதோடு மல்லுக்கட்டி
ஐம்பத்து மூன்றாவது வயதில் வேலை போய்,
இப்போது வன்பொருள் கடையில் வண்ணம் கலக்குகிறான்.
ஒரே நீலத்தில் நாற்பது நீலம் இருப்பதை
யார் கேட்டாலும் சொல்வான்.

தொலைக்காட்சியில் இரண்டு நிபுணர்கள்.
ஆளே இல்லை என்கிறார் ஒருவர்.
ஆள் இருக்கிறது, கூலிதான் இல்லை என்கிறார் மற்றவர்.
வெண்டெல் ஒலியை நிறுத்திவிட்டுத்
தபால்தலையை நக்கி ஒட்டினான்.

இருபது நிமிடம் தொலைபேசியில் கேட்டார்களாம்.
எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், லொரெட்டா,
ஒவ்வொரு பதிலுக்கும்
அவர்கள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

தகுதியுள்ள ஆள் ஒருவர் வந்துவிட்டால்
ஆளில்லை என்று சத்தியம் செய்ய முடியாது.
வந்தவருக்கு வேலை தந்தாக வேண்டும் என்று
எங்கும் எழுதியிருக்கவில்லை.
ஜெவ்தெத்தின் கோப்பைக் கட்டி வைத்தார்கள்.
வெண்டெலுக்கு மூன்று வரியில் ஒரு கடிதம்.
இருவர் பெயரும் இருவருக்கும் தெரியாது.
அடுத்த நாளும் நாற்காலியில் ஜெவ்தெத்தான் இருந்தான்,
கொஞ்சம் நுனிக்கு நகர்ந்து.

ஏழு மாதம் கழித்து, ஒரு வியாழன், மூன்றே முக்கால்.
அதே குரல். அதே உலை.
விளம்பரம் இரண்டு வரி நீண்டிருக்கிறது:
புதிதாக ஒரு சான்றிதழ்,
வெண்டெலிடம் இல்லாதது.
யாரோ அவன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
அளவெடுத்துத் தைத்திருக்கிறார்கள்.

வழக்கப்படி லொரெட்டா முழுவதையும் திருப்பிப் படித்தாள்.
சரி என்றது குரல்.
கட்டம் போடவா? வேண்டாம்.

இப்போது அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

விசைப்பலகைச் சத்தம் நின்றது.
அது விளம்பரத்தில் வரத் தேவையில்லை, மேடம்.

தெரியும், என்றாள் லொரெட்டா.
அதற்கு நான் எழுத்தெண்ணவில்லை.